பிக்-அப் அப்புறம்... முதல்ல பிரேக் பிடிக்குதா பாஸ்? - சின்ன பைக்கை மாடிஃபை பண்ண A டு Z கைடு போல ஒரு முழு வழிகாட்டி

"மச்சான், ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு, சைலன்ஸரை மாத்திப் பாருடா. வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!"

100 சிசி ஸ்ப்ளெண்டரோ, 150 சிசி பல்ஸரோ, 160 சிசி அப்பாச்சியோ... சின்ன பைக் வெச்சிருக்கிற எல்லோருக்கும் இந்த அட்வைஸைச் சொல்ல ஒரு ஃப்ரெண்டு நிச்சயம் இருப்பார். 'பொல்லாதவன்' படம் பார்த்துட்டு பல்ஸர் வாங்கின தலைமுறையில் ஆரம்பிச்சு, இன்னிக்கு ரீல்ஸ் பார்த்து ஆர்டர் போடுற தலைமுறை வரைக்கும் மாடிஃபிகேஷன் ஆசை யாரையும் விட்டுவைக்கலை. ஆசைப்படுறதுல தப்பே இல்லை. ஆனா, காசை எங்கே, எந்த வரிசையில் செலவு பண்றோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் இன்ஜினில் ஆரம்பித்து, காசு மிச்சமிருந்தால் டயருக்கு வருகிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றினால், அதே பட்ஜெட்டில் வண்டி பல மடங்கு நன்றாக ஓடும். முதலில் நிற்க வேண்டும், அடுத்து ஒழுங்காகத் திரும்ப வேண்டும், கடைசியில்தான் வேகம். ஏன் இந்த வரிசை? ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 சதவிகிதம் பவர் கூடினால் எவ்வளவு வேகம் கூடும்?

ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 97.2 சிசி இன்ஜின், சுமார் 8 பிஎஸ் பவர், எடை 112 கிலோ. இந்த இன்ஜினில் செலவு செய்து 10 சதவிகிதம் பவரைக் கூட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 8 பிஎஸ் இப்போது 8.8 பிஎஸ். டாப் ஸ்பீடு 90-ல் இருந்து 99-க்குப் போகும் என்றுதானே நினைப்பீர்கள்? போகாது. வேகம் கூடக்கூட எதிர்க்காற்றும் பயங்கரமாக எகிறும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேகத்தை இரண்டு மடங்காக்கினால், அதற்குத் தேவையான பவர் எட்டு மடங்காகும். அதனால் 10 சதவிகிதக் கூடுதல் பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகம்தான். 90 போன வண்டி 93 போகும். 30 கி.மீ தூரத்தை முழுக்க முழுக்க டாப் ஸ்பீடிலேயே ஓட்டினாலும் உங்களுக்கு மிச்சமாவது சுமார் 40 விநாடி!

இப்போது பிரேக் கணக்கைப் பாருங்கள். இரண்டு பைக்கும் 60 கி.மீ வேகத்தில் போகின்றன. ஒரே இடத்தில் இரண்டு பேரும் பிரேக் பிடிக்கிறார்கள். ஒன்றில் தேய்ந்த டயர், இறுகிப்போன பிரேக் ஷூ. அது விநாடிக்கு 18 கி.மீ வீதம் வேகத்தைக் குறைக்கிறது. இன்னொன்றில் நல்ல டயர், நல்ல பிரேக். விநாடிக்கு 25 கி.மீ வீதம் குறைகிறது. நல்ல வண்டி 20 மீட்டரில் நின்றுவிடும். மற்றது நிற்க 28 மீட்டர் ஆகும். 8 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால், நல்ல வண்டி முழுசாக நின்றுவிட்ட அந்த இடத்தில், மற்ற வண்டி இன்னும் 32 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். குறுக்கே ஓடிவந்த குழந்தையோ, திடீரென்று யூ-டர்ன் போட்ட ஆட்டோவோ அந்த இடத்தில் இருந்தால்?

ஒரு பக்கம் 40 விநாடி. இன்னொரு பக்கம் ஓர் உயிர். செலவை எங்கே ஆரம்பிக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்டெப் 1: தொலைந்த பவரைத் திரும்ப எடுங்க

மூன்று, நான்கு வருஷம் ஓடிய வண்டிக்கு முதல் மாடிஃபிகேஷன், அதை ஷோரூமில் இருந்து வந்த நாளின் நிலைமைக்குக் கொண்டுவருவதுதான். "பிக்-அப்பே இல்லண்ணே" என்று மெக்கானிக்கிடம் போகிற பல வண்டிகளில் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும். பவர் வேறு எங்கேயாவது ஒழுகிக்கொண்டிருக்கும். இவற்றை வரிசையாக செக் பண்ணுங்கள்.

* காற்று: டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்கும், மைலேஜ் குறையும், வளைவில் டயர் குழையும். சின்ன பைக்குகளில் முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 28-க்கு மேல் என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலிலும், செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் பக்கம் இருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். ஓட்டிவந்த சூட்டோடு பார்க்காமல், டயர் ஆறிய பிறகு பாருங்கள்.

* செயின்: ரொம்ப டைட்டாக இருந்தாலும் தப்பு, தொங்கினாலும் தப்பு. பெரும்பாலான சின்ன பைக்குகளில் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் 2 முதல் 3 செ.மீ வரை ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். ஓர் இடத்தில் டைட்டாகவும் ஓர் இடத்தில் லூஸாகவும் இருந்தால், செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

* பிரேக் ஒட்டுதல்: மெயின் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அரை சுற்றிலேயே நின்றுவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் கொடுக்கிற பவரில் ஒரு பங்கை நீங்களே சூடாக்கி வீணாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

* கிளட்ச்: டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? கிளட்ச் நழுவுகிறது. கேபிளில் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

* ஏர் ஃபில்டர், பிளக், டேப்பட்: அடைத்துப்போன ஃபில்டரை மாற்றி, பிளக் கேப்பைச் சரிசெய்து, டேப்பட் செட்டிங் பார்த்தாலே பழைய வண்டி இளமையாகிவிடும்.

இவ்வளவும் பண்ணின பிறகு ஒரு வாரம் ஓட்டிப்பாருங்கள். "இதுவே போதும்பா" என்று தோன்றினால் ஆச்சர்யப்படாதீர்கள்.

ஸ்டெப் 2: டயர்... உள்ளங்கை அளவு உயிர்

பைக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே தொடர்பு, இரண்டு டயர்கள் தரையைத் தொடும் இடம்தான். சின்ன பைக்கில் ஒவ்வொன்றும் உங்கள் உள்ளங்கை அளவுக்குக்கூட இருக்காது. வேகம், பிரேக், வளைவு எல்லாமே அந்தச் சின்ன இடத்தை நம்பித்தான். அதனால் சின்ன பைக்குக்குப் பண்ணக்கூடிய மிகச்சிறந்த மாடிஃபிகேஷன் எது என்றால், கண்ணை மூடிக்கொண்டு 'நல்ல டயர்' என்று சொல்லலாம்.

தேயாத டயர் என்று பெருமைப்படாதீர்கள். 50,000 கி.மீ ஓடினாலும் தேயாத டயர் என்றால், அதன் ரப்பர் கல் மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். மழையில் அது வழுக்கும். கொஞ்சம் சாஃப்ட்டான ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். மைலேஜுக்கு ஒரு டயர், கிரிப்புக்கு ஒரு டயர் என்று ஒவ்வொரு கம்பெனியிலும் தனித்தனி மாடல்கள் உண்டு. கடையில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வருஷக்கணக்கில் கடையில் தூங்கிய டயரை 'புதுசு' என்று தலையில் கட்டினால், இந்த எண்ணைக் காட்டி "வேற எடுங்கண்ணே" என்று சொல்லலாம்.

அடுத்தது, எல்லோருக்கும் இருக்கும் ஆசை... அகலமான பின் டயர்! யமஹா எஃப்இஸட் 140 அளவு டயரோடு கம்பீரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, 100 சிசி பைக்கில் அதேபோல் மாட்டச் சொல்லுபவர்கள் உண்டு. எஃப்இஸட்டின் ரிம் அந்த அகலத்துக்கு ஏற்ற மாதிரி செய்யப்பட்டது. உங்கள் வண்டியின் ரிம் ஒல்லி. ஒல்லி ரிம்மில் அகல டயரை மாட்டினால், இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, டயர் பலூன் மாதிரி உருண்டையாகிவிடும். பார்க்க அகலமாக இருந்தாலும் ரோட்டைத் தொடும் இடம் கூடாது. வண்டி வளைவில் ஒரு மாதிரி தயங்கித் தயங்கி விழும். எடையும் கூடும், பிக்-அப்பும் மைலேஜும் குறையும். செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ டயர் உரசினால் இன்னும் ஆபத்து.

அளவு மாற்றியே ஆக வேண்டும் என்றால், டயர் கம்பெனி உங்கள் ரிம் அகலத்துக்கு அனுமதிக்கும் அளவுக்குள், ஒரு சைஸ் மட்டும் மேலே போங்கள். 100/90-17 என்றால் அகலம் 100 மி.மீ, உயரம் அந்த அகலத்தில் 90 சதவிகிதம், ரிம் 17 இன்ச். மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் பொய்யாகும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்டெப் 3: பிரேக்

1.4.2019 முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ்ஸும், 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு குறைந்தபட்சம் சிபிஎஸ்ஸும் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் இருக்க வாய்ப்பு குறைவு. அவர்கள்தான் பிரேக்கில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

டிரம் பிரேக் என்றால், ஷூவைக் கழற்றி தூசியைத் துடைத்து, பளபளப்பாக இறுகிப்போன மேற்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேம்முக்கு லேசாக கிரீஸ் வைத்து, கேபிளை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். கிரீஸ் ஷூ மேல் படவே கூடாது. ஷூ தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் பிரேக் என்றால், பலரும் மறக்கும் விஷயம் பிரேக் ஆயில். இது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து, லிவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். எந்த கிரேடு என்று மூடியின் மேலேயே எழுதியிருக்கும். தரமான பேடு, பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதில் புது ஹோஸ்... இவை போதும்.

"டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போட்டுடலாமா?" என்று கேட்பவர்களுக்கு: ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் கிடைத்த ஏதோ ஒரு வண்டியின் பாகத்தை லேத்தில் கொடுத்து வெல்டிங் வைத்து மாட்டுவது விஷப்பரீட்சை. சிபிஎஸ் இருக்கிற வண்டியில் கை வைத்தால், முன்-பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பே குழம்பிவிடும். புது பைக் வாங்கும்போதே கொஞ்சம் கூடுதலாகப் போட்டு டிஸ்க் வேரியன்ட்டாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டெப் 4: சஸ்பென்ஷன்... காசே இல்லாத டியூனிங்!

பின்பக்க ஷாக் அப்சார்பரின் கீழே படி படியாக ஒரு வளையம் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் 5 படிகள் இருக்கும். டூல் கிட்டில் வரும் ஸ்பானரால் அதைத் திருப்பலாம். வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

நீங்கள் உட்காரும்போது வண்டி எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் அந்தப் படிகள். ஷாக்கின் மொத்த அசைவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால் சரி. ஒரு நண்பரை வைத்து, வண்டி காலியாக மெயின் ஸ்டாண்டில் இருக்கும்போது ஆக்ஸிலில் இருந்து சீட் ஓரம் வரை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்த பிறகு மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் அமுக்கம். நீங்கள் 55 கிலோ என்றால் ஒரு படி, 85 கிலோ என்றால் வேறு படி. பின்னால் எப்போதும் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் மேலே. செலவு பூஜ்ஜியம். ஆனால் வளைவில் வண்டி நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் இருப்பதே பலருக்குத் தெரியாது. பிரேக் பிடித்தால் மூக்கு தரையில் முட்டுவது மாதிரி இறங்குகிறது, குழியில் விழுந்தால் 'டங்' என்று சத்தம் வருகிறது என்றால், ஃபோர்க் ஆயில் பழசாகிவிட்டது அல்லது ஒழுகிவிட்டது. புது ஆயில், புது சீல் போடுங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவு, மில்லி கணக்கில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கொஞ்சம் கெட்டியான கிரேடு ஊற்றினால் ஃபோர்க்கின் அசைவு நிதானமாகும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் டயர் ரோட்டைவிட்டுத் துள்ளும்.

அடுத்து இரண்டு டெஸ்ட். ஒன்று, முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று மாட்டுகிற மாதிரி இருந்தால் கோன் செட் போய்விட்டது. இரண்டு, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ, வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. வேகத்தில் வண்டி 'பாம்பு மாதிரி நெளியுது' என்பவர்களில் பலருக்குப் பிரச்னை இங்கேதான். இந்த இரண்டும் சரியில்லாமல் இன்ஜின் பவரைக் கூட்டுவது, கிழிந்த குடையோடு புயலில் இறங்குவது மாதிரி.

லுக்குக்காக உயரமான ஷாக் அப்சார்பர் மாட்டுவது இன்னொரு ஃபேஷன். பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் ஃபோர்க் செங்குத்தாகும். வண்டி சட்டென்று திரும்பும்தான், ஆனால் நேர்ரோட்டில் நிலையாக நிற்காது. செயினின் கோணமும் மாறும். கம்பெனி சொன்ன நீளத்திலேயே தரமான ஷாக் வாங்குங்கள்.

ஸ்டெப் 5: ஸ்ப்ராக்கெட்... 'பிக்-அப்'புக்கு உண்மையான சாவி

பிக்-அப் வேண்டும் என்றால் இன்ஜினைத் திறக்கவே வேண்டாம். பல் கணக்கை மாற்றினால் போதும். உதாரணத்துக்கு, முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்றால், முன்னது 3 முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். பின்னால் 45 பல் போட்டால் இது 3.21 ஆகும். சக்கரத்துக்குப் போகும் இழுவை 7 சதவிகிதம் கூடும். மலையேற்றத்திலும், டபுள்ஸ் போகும்போதும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால், எதுவும் இலவசம் இல்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் இன்ஜின் 7 சதவிகிதம் அதிகமாகச் சுற்ற வேண்டும். ஹைவேயில் சத்தமும் அதிர்வும் கூடும், மைலேஜ் குறையும். முன்னால் 15 பல் போட்டால் கதை தலைகீழ். ஹைவேயில் நிதானமாகப் போகும், சிக்னலில் சோம்பேறியாகக் கிளம்பும். நீங்கள் சிட்டியில் ஓட்டுகிறீர்களா, ஹைவேயிலா, மலையிலா என்பதைப் பொறுத்து முடிவு பண்ணுங்கள். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸில் இருந்து கணக்கு எடுக்கும். அவற்றில் பல் மாறினால் மீட்டர் காட்டும் வேகமும் மாறும்.

ஸ்டெப் 6: இப்போ இன்ஜினுக்கு வருவோம்

"சைலன்ஸரை மாத்துனா பவர் வரும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரிய காரணம், டூ-ஸ்ட்ரோக் காலம். 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 98 சிசி-யில் 11 பிஎஸ். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பது மாதிரியான வால்வுகள் கிடையாது. வெளியே நழுவப்போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும் வேலையை, சைலன்ஸரின் வயிறு பெருத்த வடிவம்தான் செய்யும். அதனால் அதன் வடிவத்தை மாற்றினால் பவர் நிஜமாகவே மாறும்.

இன்று உங்களிடம் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக். வால்வுகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. சைலன்ஸரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் கூடுவது சத்தம்தான். சத்தம் கூடினால் வேகம் கூடியது மாதிரி காதுக்குத் தோன்றும். மொபைல் ஜிபிஎஸ்ஸை ஆன் பண்ணி, ஒரு நண்பரைப் பின்னால் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

ஏர் ஃபில்டர்: பாக்ஸைத் தூக்கிவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டினால் காற்று அதிகம் போகும். கூடவே நம்ம ஊர் தூசியும் போகும். தூசி, பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். இன்னொரு பிரச்னை, காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை 'லீன்' ஆகும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், மோசமானால் பிஸ்டனே சேதமாகும். கார்புரேட்டர் வண்டியில் ஜெட் மாற்றிச் சமாளிப்பார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நிறமே சொல்லும். இளம் பழுப்பு என்றால் சரி, வெள்ளை என்றால் லீன், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம்.

பிஎஸ்-6 வண்டிகள்: 1.4.2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சைலன்ஸர் பைப்பில் ஓர் ஆக்ஸிஜன் சென்ஸர் இருக்கும். அது சொல்வதை வைத்து இசியு பெட்ரோலை அளக்கும். சைலன்ஸரை வெட்டி, சென்ஸரைப் பிடுங்கினால் இசியு குழம்பும். மீட்டரில் இன்ஜின் லைட் எரியும், ஸ்டார்ட்டிங் பிரச்னை வரும், மைலேஜ் சரியும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தூக்கிப்போட்டால் பின்னால் வரும் எல்லோரும் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டும்.

போர் பண்றது: ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ, ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. இதை 52 மி.மீ ஆக்கினால் 97 சிசி, 105 சிசி ஆகும். எட்டு சதவிகிதம்தான். ஆனால் சிலிண்டர் சுவர் மெலியும், சூடு கூடும், கிராங்க்குக்கும் கிளட்ச்சுக்கும் சுமை கூடும். ஆயுள் குறையும். ஆர்.சி-யில் இருக்கும் சிசி-யும் பொய்யாகிவிடும். இன்னும் பவர் வேண்டும் என்று தோன்றினால், இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பாருங்கள். உங்கள் பழைய வண்டியை விற்றுக் கிடைக்கும் காசோடு சேர்த்தால், நல்ல செகண்ட் ஹேண்ட் 160 அல்லது 200 சிசி பைக்குக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். அதன் பிரேக்கும் சேஸியும் அந்த பவருக்காகவே வடிவமைக்கப்பட்டவை.

எடையைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். 112 கிலோ வண்டி, 65 கிலோ ஆள் என்றால் மொத்தம் 177 கிலோ. இதில் 9 கிலோ குறைத்தால், பவரை 5 சதவிகிதம் கூட்டியதற்குச் சமமான பிக்-அப் கிடைக்கும். பெரிய கிராஷ் கார்டு, தேவையில்லாத கேரியர், பெட்டிகள் எல்லாம் போகலாம். (தொப்பையும் இந்தக் கணக்கில் சேரும் ப்ரோ!)

ஆனால், சாரி கார்டு, பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் மூன்றையும் கழற்றாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதிப்படி இவை கட்டாயம். காரணமும் நியாயமானதுதான். அம்மாவின் சேலை முந்தானையோ, தங்கையின் துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்த வளைந்த கம்பிதான். கண்ணாடிகளையும் கழற்றாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க வேறு வழி கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி-யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, லைசென்ஸும் 3 மாதம் போகும்.

இதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்து க்ளெய்மை மறுக்க கம்பெனிக்கு வாய்ப்பு கொடுக்கிறீர்கள். டயர், பிரேக் பேடு, ஃபோர்க் ஆயில், செயின் செட் என்று கம்பெனி சொன்ன அளவுக்குள் தரமான பாகங்களாக மாற்றுவதில் இந்தத் தலைவலி கிடையாது. இந்தக் கட்டுரையின் முதல் நான்கு ஸ்டெப்களும் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்ப்ராக்கெட் பல் கணக்கை மாற்றும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகமா ஓட்டியே ஆகணுமா?

அதற்கும் இடம் இருக்கு. அதுவும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவைத்த ஊர் இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ நீள ரேஸ் டிராக், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இங்கே நடக்கும் பயிற்சி வகுப்புகளில், வளைவுக்கு முன் எங்கே பிரேக் பிடிப்பது, பார்வை எங்கே இருக்க வேண்டும், உடம்பை எப்படிச் சாய்ப்பது என்று சொல்லித்தருவார்கள். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. சின்ன பைக்கை நன்றாக ஓட்டத் தெரிந்தவர், பெரிய பைக்கை அரைகுறையாக ஓட்டுபவரை வளைவில் முந்துவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

டிராக்குக்குப் போக முடியாதவர்கள், காலியான மைதானத்தில் 30 கி.மீ வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், முதலில் லேசாக, பிறகு அழுத்தமாக. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் வருவதால், நிறுத்தும் சக்தியின் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. கொல்லிமலையின் 70 ஹேர்பின் வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், டிரம் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்காது.

செலவு பண்ற வரிசை: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க!

1. செலவே இல்லை: காற்று அளவு, செயின் ஆட்டம், பின் ஷாக்கின் படி, பிரேக்-கிளட்ச் ஃப்ரீ பிளே, பிரேக் பயிற்சி.
2. சில நூறு ரூபாய்: ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ அல்லது பேடு, பிரேக் ஆயில், கேபிள்கள், ஃபோர்க் ஆயில்.
3. சில ஆயிரம் ரூபாய்: நல்ல டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், தரமான பின் ஷாக். கூடவே ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்.
4. இவ்வளவுக்கும் பிறகு காசு மிச்சமா? டிராக் பயிற்சிக்கு எடுத்து வையுங்கள். அல்லது அடுத்த வண்டிக்குச் சேர்த்து வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்கள். அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்!